52 விநாடி நின்றால் குறைந்தா போய்விடும்?

இந்த விவாதத்தில் கடைசியாக வந்து விழுகிற கேள்வி எப்போதும் இதுதான். நாட்டுப்பண், கொடி வணக்கம், பள்ளி உறுதிமொழி என்று எதைப் பற்றிப் பேசினாலும் சரி. அரை மணி நேரம் சட்டம், வரலாறு என்று சுற்றிவிட்டு, எதிரில் இருப்பவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்பார்: "அதெல்லாம் இருக்கட்டும் சார், ஒரு 52 விநாடி எழுந்து நின்னா நீங்க என்ன குறைஞ்சா போயிடுவீங்க?" கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு. ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

பதில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றும் குறையாது. நான் எழுந்து நிற்பவன். யாரும் சொல்லாமலே நிற்பவன், கூடவே முணுமுணுப்பவன். மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாக எழும்போது எனக்கும் தொண்டை அடைக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் விரும்பிச் செய்கிற ஒன்றை உத்தரவும் லத்தியும் பக்கத்து சீட்காரரின் முறைப்பும் சேர்ந்து என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்கின்றன என்பது என் புகார். என் பக்கத்தில் நிற்பவர் விரும்பி நிற்கிறாரா, அடி விழும் என்று நிற்கிறாரா, எனக்கு எப்படித் தெரியும்? என்னைப் பற்றி அவருக்குத்தான் எப்படித் தெரியும்?

52 விநாடிதானே, சின்ன விஷயம்தானே என்று சொல்கிறவர், அதே மூச்சில் அந்தச் சின்ன விஷயத்தைச் செய்யாதவன் மீது வழக்குப் போடச் சொல்கிறார். சின்ன விஷயம் என்றால் விட்டுவிடலாம். விட முடியாத அளவுக்குப் பெரியது என்றால், மறுக்கிறவனுக்கும் அது அதே அளவு பெரியதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லாதீர்கள்.

சினிமா தியேட்டரில் நாட்டுப்பண் என்பது புதிய யோசனை இல்லை. 1962 சீனப் போருக்குப் பிறகு படம் முடிந்ததும் போட்டார்கள். 'சுபம்' வந்தவுடன் சனங்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். யார் தடுத்தும் நிற்கவில்லை. நாளடைவில் அந்த வழக்கமே கைவிடப்பட்டது. நாடு அப்படியேதான் இருந்தது. பிறகு 2016 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, அமிதவ ராய் அமர்வு ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. எல்லாத் திரையரங்குகளிலும் படம் தொடங்கும் முன் நாட்டுப்பண் ஒலிக்க வேண்டும், திரையில் கொடி தெரிய வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், கதவுகளை மூடிவைக்க வேண்டும். கதவை மூடச் சொன்னதைக் கவனியுங்கள். 1997இல் டெல்லி உபகார் தியேட்டர் தீ விபத்தில் வெளியேற வழியில்லாமல் 59 பேர் செத்த நாடு இது. பத்து நாளுக்குள் "தாழ்ப்பாள் போடச் சொல்லவில்லை" என்று நீதிமன்றமே விளக்கம் தர வேண்டியிருந்தது.

அந்த உத்தரவில் தண்டனை என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. தேவையும் இல்லை. தண்டனையைக் கூட்டம் கொடுத்தது. டிசம்பரில் சென்னை அசோக் நகர்ப் பக்கம் ஒரு தியேட்டரில் எழுந்து நிற்காத இளைஞர்களை இடைவேளையில் ஒரு கும்பல் அடித்தது. அடி வாங்கியவர்கள் மேலேயே வழக்குப் பதிவானது. அதே மாதம் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் நிற்காதவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. உத்தரவு வருவதற்கு முன்பே, அக்டோபரில், கோவாவில் சக்கர நாற்காலியில் வாழும் ஓர் எழுத்தாளர் படம் பார்க்கப் போயிருக்கிறார். நாட்டுப்பண் ஒலித்தபோது அவர் எழவில்லை. பின்னாலிருந்து ஒருவர் அடித்தார். அவரால் எழ முடியாது என்று அடித்தவருக்குத் தெரியாதாம்.

தெரிந்திருந்தால் அடித்திருக்க மாட்டார், அவ்வளவுதான். அதாவது, உட்கார்ந்திருப்பதற்குத் தகுந்த காரணம் இருக்கிறதா என்று விசாரிக்கும் அதிகாரம் தனக்கு இருக்கிறது என்று பின் வரிசையில் இருக்கும் எவரும் நினைத்துக்கொள்கிறார். எனக்குப் பயம் தருவது அந்த அடியைவிட இந்த நினைப்புதான். முட்டி வலிக்காரர், கர்ப்பிணி, மடியில் தூங்கும் குழந்தையை வைத்திருப்பவர் எல்லோரும் இனிமேல் மருத்துவச் சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படம் பார்க்க வேண்டுமா?

பதின்மூன்று மாதம் கழித்து, 2018 ஜனவரி 9 அன்று, அதே நீதிமன்றம் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. தியேட்டர்காரர் விரும்பினால் போடலாம் என்றது. அதற்கு முந்தைய அக்டோபரில் நீதிபதி சந்திரசூட், நாட்டுப்பற்றைச் சட்டைக் கையில் குத்திக்கொண்டு திரிய வேண்டியதில்லை என்ற பொருளில் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். நல்லது. ஆனால் அடி வாங்கியவன் வாங்கியதுதானே?

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கொடியையும் அரசியல் சாசனத்தையும் எரிப்பதைத் தண்டிக்கிறது. நாட்டுப்பண் பாடுவதைத் தடுத்தாலோ, பாடுகிற கூட்டத்தில் குழப்பம் விளைவித்தாலோ மூன்றாண்டு வரை சிறை. பாடாமல் இருப்பதும் உட்கார்ந்திருப்பதும் அதில் இல்லை. உள்துறை அமைச்சகத்தின் நெறிமுறையில் எழுந்து நிற்க வேண்டும் என்று இருக்கிறது. அது நெறிமுறை, சட்டம் இல்லை. அடிப்படைக் கடமைகள் என்று அரசியல் சாசனத்தில் 51அ பிரிவு ஒன்று இருக்கிறதே என்பார்கள். அது முதலில் எழுதிய சாசனத்தில் கிடையாது. 1976இல், நெருக்கடி நிலையின்போது, 42ஆவது திருத்தமாகச் செருகப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்களெல்லாம் உள்ளே இருந்த காலத்தில் குடிமக்களுக்குக் கடமையை நினைவூட்டினார்கள்.

கட்டாயம் செல்லாது என்பது 2018இல் கண்டுபிடிக்கப்பட்டதும் இல்லை. கேரளத்தில் கோட்டயம் பக்கம் கிடங்கூரில் ஒரு பள்ளி. மூன்று பிள்ளைகள், அண்ணனும் இரண்டு தங்கைகளும். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். காலை வழிபாட்டில் நாட்டுப்பண் பாடும்போது மற்றவர்களோடு எழுந்து மரியாதையாக நிற்பார்கள். பாட மாட்டார்கள். கடவுளைத் தவிர வேறெதற்கும் துதி பாடக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. வருடக்கணக்காக யாருக்கும் இது ஒரு பிரச்சினையாக இல்லை. 1985இல் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் பட்டது, சபையில் பேசினார், விசாரணைக் குழு போட்டார்கள். பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்று குழுவே சொன்னது. அப்படியும் ஜூலை 26ஆம் தேதி பள்ளியை விட்டு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றமும் கைவிரித்தது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்புதான் பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பாடித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பேச்சுரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும். பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்.

"அவங்க எழுந்து நின்னாங்கல்ல, உட்காரலையே?" என்று ஒரு மறுப்பு வரும். சரியான மறுப்பு. அந்தத் தீர்ப்பு உட்காருகிறவனுக்கு நேரடியாகப் பாதுகாப்புத் தரவில்லை. ஆனால் அதன் தர்க்கத்தைப் பாருங்கள். ஒருவனுடைய பேச்சையோ மௌனத்தையோ கட்டுப்படுத்த வேண்டுமென்றால் சட்டம் வேண்டும், இலாகா சுற்றறிக்கை போதாது என்பது அது. வாய்க்குப் பொருந்துவது முழங்காலுக்குப் பொருந்தாதா?

சின்னப்ப ரெட்டி அந்தத் தீர்ப்பில் இரண்டு அமெரிக்க வழக்குகளையும் எடுத்துப் பார்க்கிறார். உறுதிமொழி வியாபாரத்தில் அமெரிக்கர்கள் நமக்கு முன்னோடிகள். அங்கே கொடிக்கு விசுவாச உறுதிமொழி எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி என்ற பாதிரியார், 1892இல். அதை வெளியிட்டது ஓர் இளைஞர் பத்திரிகை. அதே பத்திரிகை பள்ளிக்கூடங்களுக்குக் கொடி விற்றுக்கொண்டும் இருந்தது. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. உறுதிமொழி சொல்லும்போது பிள்ளைகள் வலக்கையைக் கொடியை நோக்கி நீட்டுவார்கள். ஹிட்லர் காலத்தில் அது எதைப்போல் இருக்கிறது என்று உறைத்து, 1942இல் கையை நெஞ்சில் வைக்கச் சொல்லி மாற்றினார்கள். 1940இல் இதே யெகோவா சாட்சிகளின் பிள்ளைகள் கொடி வணக்கம் செய்ய மறுத்த வழக்கில் அங்கே உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று பள்ளி நிர்வாகத்தின் பக்கம் நின்றது. தீர்ப்பு வந்த கையோடு ஊர் ஊராக அந்தச் சபையாரை அடித்தார்கள், மெய்ன் மாநிலத்தில் அவர்கள் கூடும் மண்டபத்துக்குத் தீ வைத்தார்கள். மூன்றே வருடத்தில், 1943இல், நடுப் போரில், அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே தூக்கிப் போட்டது. எந்தத் தேதியில்? ஜூன் 14, அவர்களுடைய கொடி நாளில். போர்முனையில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாட்டால் இதைச் செய்ய முடிந்திருக்கிறது. நம் ஊரில் பாப்கார்ன் வாங்க வரிசையில் நிற்கிறவரிடம் சியாச்சின் வீரனைச் சொல்லி மிரட்டுகிறார்கள்.

அந்த வீரனையே எடுத்துக்கொள்வோம். அவர் உறுதிமொழி எடுத்தவர்தான். ராணுவத்தில் சேரும்போது விரும்பி எடுத்தார், கையில் துப்பாக்கி வாங்கும் முன் எடுத்தார். துப்பாக்கி கொடுக்கும்போது வாக்குறுதி வாங்குவது நியாயம். நம் அரசியல் சாசனமும் இதே வழியில்தான் போகிறது. மூன்றாவது அட்டவணையைப் படித்துப் பாருங்கள், ஒன்றிரண்டு பக்கம்தான். அமைச்சர்கள், நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள், வேட்பாளர்கள், நீதிபதிகள், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆகியோர் எடுக்க வேண்டிய உறுதிமொழிகள் அதில் இருக்கின்றன. குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் தனிப் பிரிவுகள். அச்சமோ, சலுகையோ, விருப்போ, வெறுப்போ இல்லாமல் எல்லா மக்களுக்கும் நீதி செய்வேன் என்று அமைச்சர் சொல்ல வேண்டும். குடிமகன் எடுக்க வேண்டிய உறுதிமொழி என்று அதில் ஒன்றுகூடக் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்து விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்குகிறவர் எடுக்கிறார், அது வேறு. அவர் கேட்டு வாங்குகிறார். இங்கே பிறந்தவனிடம் சாசனம் எதையும் கேட்கவில்லை. மறந்து விட்டுவிட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? மக்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்டது இந்தச் சாசனம் என்று முகப்பிலேயே எழுதிவைத்தவர்கள் அவர்கள். வீட்டுக்காரன் காவல்காரனிடம் சத்தியம் வாங்குவான். காவல்காரன் வீட்டுக்காரனை வாசலில் நிறுத்திச் சத்தியம் கேட்டால் அந்த வீட்டில் என்னமோ தலைகீழாகிவிட்டது.

*

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாம் சொல்லி வளர்ந்த உறுதிமொழியை எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பா ராவ். விசாகப்பட்டினத்தில் கருவூல அதிகாரியாக இருந்தவர், 1962இல் தெலுங்கில் எழுதினார். நல்ல மனிதர், நல்ல வாசகங்கள். 1965 ஜனவரி 26 முதல் நாடு முழுதும் பள்ளிகளில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடானது. அதே நாள்தான் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிறது என்று தமிழ்நாட்டில் கறுப்புக் கொடி ஏறிய நாள். தற்செயல்தான், ஆனாலும் நினைத்துக்கொள்ள வேண்டிய தற்செயல்.

வெயிலில் வரிசையாக நின்று, கையை நீட்டி, முன்னால் ஒருவன் சொல்ல, பின்னால் எல்லோரும் சொல்வோம். இந்தியர் எல்லோரும் உடன்பிறந்தவர்கள் என்று வருமிடத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "அப்ப யாரைடா கல்யாணம் பண்றது?" என்று கிசுகிசுப்பான். இந்த ஜோக் இல்லாத பள்ளிக்கூடம் இந்தியாவில் இருக்காது. அந்த வாசகத்தைப் பற்றி யாராவது ஒருவன் யோசித்தான் என்பதற்கு அந்த ஜோக் ஒன்றுதான் அத்தாட்சி. மற்றபடி கை வலிக்கும், முடிந்ததும் இறக்குவோம்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் மணிக்கட்டில் கயிறு கட்டுவது பற்றி 2019இல் பள்ளிக் கல்வித் துறையே சுற்றறிக்கை விட்டது. விட்ட சூட்டில் அமைச்சர் அதை மறுத்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் தடுக்கப் போன தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனோடு அதே பள்ளியில் படித்தவர்கள். அதன்பின் போட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையிலும் இந்தக் கயிறு வருகிறது. இப்போது அந்தக் காலை வழிபாட்டை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் உடன்பிறந்தோர் என்று சொல்ல நீட்டிய கையில்தான் அந்தக் கயிறு இருக்கிறது. முன்னால் நிற்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் அது கண்ணுக்குத் தெரிகிறது. ஆண்டுக்கு 200 நாள், 12 வருடம், கணக்குப் போட்டால் 2,400 தடவை. ஒரு மருந்தை 2,400 தடவை கொடுத்தும் நோய் அப்படியே இருந்தால் மருத்துவர் என்ன செய்வார்? நம் அரசுகள் இன்னொரு உறுதிமொழி சேர்க்கின்றன.

மிகைப்படுத்தவில்லை. அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு நாட்காட்டியே சொல்வார்கள். ஜனவரி 25 வாக்காளர் நாள் உறுதிமொழி. ஜனவரி 30 தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. ஏப்ரல் 14 சமத்துவ நாள். மே 21 பயங்கரவாத எதிர்ப்பு. ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு. ஆகஸ்ட் 20 நல்லிணக்கம். செப்டம்பர் 17 சமூக நீதி. அக்டோபர் கடைசியில் லஞ்ச ஒழிப்பு விழிப்புணர்வு வாரம். லஞ்சம் வாங்க மாட்டேன், கொடுக்க மாட்டேன் என்று ஓர் அலுவலக வளாகத்தில் எல்லோரும் கை நீட்டி நின்றபோது, பட்டா மாறுதலுக்காக மூன்றாவது தடவை வந்திருந்த ஒரு பெரியவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். "சாமி கும்புடுறாங்களா தம்பி?" என்று கேட்டார். ஏறக்குறைய அதுதான் என்றேன்.

இதில் கட்சி பேதம் கிடையாது. அரசியல் சாசனத்தின் முகப்புரையைப் பள்ளிகளில் தினமும் வாசிக்கச் சொல்லி 2023இல் கர்நாடக அரசு ஏற்பாடு செய்தபோது என் முற்போக்கு நண்பர்கள் கை தட்டினார்கள். முகப்புரை அருமையானதுதான். தினமும் கோரஸாகச் சொல்ல வைத்தால் அதுவும் வாய்ப்பாடாகிவிடும். வாய்ப்பாட்டையாவது கணக்குப் போடப் பயன்படுத்தலாம்.

கட்டாயப் பாட்டு எந்தெந்த வழியாக வரும் என்பதற்கு நம்மூர் உதாரணம் ஒன்று உண்டு. ஆசிரியர் தேர்வு எழுதிய ஒருவர், வந்தே மாதரம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்ற கேள்விக்கு வங்காளம் என்று பதில் எழுதினார். தவறு என்று ஒரு மதிப்பெண் போனது. அந்த ஒரு மதிப்பெண்ணில் வேலை போகிறதே என்று சென்னை உயர் நீதிமன்றம் போனார். வங்காளமா சமஸ்கிருதமா என்று விவாதம் நடந்தது. 2017 ஜூலை 25 அன்று தீர்ப்பு. மனுதாரருக்கு மதிப்பெண் கிடைத்தது. கூடவே தமிழ்நாட்டின் பள்ளி, கல்லூரிகளில் வாரம் ஒரு முறையும், அரசு, தனியார் அலுவலகங்களில் மாதம் ஒரு முறையும் அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்று உத்தரவும் கிடைத்தது. அவர் கேட்டது ஒரு மார்க். தகுந்த காரணம் உள்ளவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நீதிபதி சேர்த்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தகுந்த காரணம் எது என்று தீர்மானிப்பது யார்? மறுபடியும் பின் வரிசைக்காரர்தான்.

*

இதுவரை தலையாட்டிக்கொண்டே வந்த நண்பர்கள் சிலருக்கு இனிமேல் கசக்கும். 2018 ஜனவரியில் சென்னையில் ஓர் அகராதி வெளியீட்டு விழா. தமிழ்த்தாய் வாழ்த்து ஒலித்தபோது காஞ்சி விஜயேந்திரர் உட்கார்ந்தே இருந்தார். நாட்டுப்பண்ணுக்கு எழுந்தார். தமிழ்நாடே கொதித்தது. எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. சில நாட்களுக்கு முன் தியேட்டரில் நிற்காதது தனிமனித உரிமை என்று எழுதிய அதே பேனாக்கள், அவரை எழுப்பி நிற்க வைக்கச் சட்டம் வேண்டும் என்று எழுதின. அந்தக் கொதிப்பில் ராமேஸ்வரத்தில் மடத்துக்குள் நுழைந்து போராடியவர்கள் மீதான வழக்கு 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழக்கை ரத்து செய்தார். கூடவே, தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்க வேண்டும் என்று சட்டமோ அரசாணையோ இல்லை என்றும் சொன்னார்.

இல்லையா, இதோ போடுகிறோம் என்று அதே மாதம் 17ஆம் தேதி அரசாணை வந்துவிட்டது. தமிழ்த்தாய் வாழ்த்து இனி மாநிலப் பாடல், 55 விநாடியில் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும். டெல்லிக்கு 52, சென்னைக்கு 55. வித்தியாசம் மூன்று விநாடி.

"அது வேற, இது வேற. அது ஆதிக்கம், இது அடையாளம்" என்றார் ஒரு நண்பர். நசுக்கப்பட்ட மொழிக்கு மரியாதை கேட்பதும் அதிகாரத்தில் இருப்பவர்கள் விசுவாசம் கேட்பதும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். வாதத்தில் பாதி எனக்கு உடன்பாடு. ஆனால் அரசாணை போடுகிறபோது நீங்கள் நசுக்கப்பட்டவர் இல்லை, கோட்டையில் உட்கார்ந்திருப்பவர். 2025 ஜனவரியில் நாட்டுப்பண் முதலில் இசைக்கப்படவில்லை என்று ஆளுநர் உரை வாசிக்காமல் சட்டமன்றத்திலிருந்து வெளியேறினாரே, அப்போது நமக்கெல்லாம் பார்க்க எப்படி இருந்தது? பாட்டைக் கையில் எடுத்து அடித்தால் எந்தப் பாட்டும் தடிதான்.

இந்த அரசாணையைப் பெரியார் மண் என்று சொல்லிக்கொள்பவர்கள் கொண்டாடியதுதான் வேடிக்கை. 1957 நவம்பர் 26 அன்று சாதியைக் காப்பாற்றும் பிரிவுகளை எதிர்த்து அரசியல் சாசனத்தை எரிப்பேன் என்று பெரியார் அறிவித்தார். உடனே அவசர அவசரமாக தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்பு என்று ஒரு சட்டத்தைச் சென்னை மாகாணம் கொண்டுவந்தது. மூன்றாண்டு வரை தண்டனை. தெரிந்தே எரித்து ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். 1971இல் வந்த மத்தியச் சட்டத்துக்கு மூத்த அண்ணன் இங்கே பிறந்தவன்தான். அதே பெரியாரைப் பற்றி இன்னொரு செய்தியும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேடையில் கடவுள் வாழ்த்து பாடினால், தள்ளாத வயதிலும் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாராம். வாழ்நாளெல்லாம் கடவுள் இல்லை என்றவர், சபைக்காக நின்றார். அவர் நின்றதை இன்னும் பேசுகிறோமே, ஏன்? அவர் உட்கார்ந்திருந்தால் யாரும் அவரை ஒன்றும் கேட்டிருக்க முடியாது என்பதால்தானே?

கடைசியாக, இருப்பதிலேயே கனமான எதிர்வாதம். "உறுதிமொழி வேலை செஞ்சதே? 1963ல செஞ்சதே?" என்பார்கள், வரலாறு தெரிந்தவர்கள். திராவிட நாடு கேட்ட திமுக 1962 தேர்தலில் 50 இடங்கள் ஜெயித்திருந்தது. 1963 அக்டோபரில் 16ஆவது திருத்தம் வந்தது. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்தால்தான் தேர்தலில் நிற்க முடியும். அதே ஆண்டு திமுக கோரிக்கையைக் கைவிட்டது. சத்தியம் வாங்கினார்கள், பிரிவினை போச்சு.

அப்படியானால் கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். ஏறக்குறைய இதே உறுதிமொழியை இருபது வருடம் கழித்து இலங்கை கொண்டுவந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களை வீதி வீதியாகக் கொன்றார்கள், கடைகளை எரித்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 8ஆம் தேதி ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களும் அரசு ஊழியர்களும் சத்தியம் செய்ய வேண்டும். மீறினால் குடியுரிமைகளும் சொத்தும் பறிபோகும். 1977இல் தனிநாடு என்று சொல்லி வாக்குக் கேட்டு ஜெயித்து, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்திருந்த சபை அது. கூட்டணி உறுப்பினர்கள் சத்தியம் செய்ய மறுத்து இடங்களை இழந்தார்கள். பேச்சில் நம்பிக்கை வைத்திருந்தவர்கள் சபைக்கு வெளியே போனார்கள், துப்பாக்கியில் நம்பிக்கை வைத்திருந்தவர்களின் கை ஓங்கியது. அடுத்த 26 வருடம் என்ன நடந்தது என்று தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே மாதிரியான உறுதிமொழி, இரண்டு நாட்டில் இரண்டு விளைவு. அப்படியென்றால் விளைவை உண்டாக்கியது உறுதிமொழி இல்லை. சீனப் போர் வந்தபோதே, 16ஆவது திருத்தத்துக்கு முன்பே, அண்ணா பிரிவினைப் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டார். உறுதிமொழி எடுத்து உள்ளே போனால் தேர்தலில் ஜெயிக்கலாம், ஜெயித்தால் ஆளவும் விடுவார்கள் என்ற நம்பிக்கை இங்கே இருந்தது. 1963 நவம்பரில் சாசனத்தின் ஆட்சிமொழிப் பகுதியை எரிக்கும் போராட்டத்துக்காகச் சிறைக்குப் போன அண்ணா, 1967 மார்ச்சில் அதே சாசனத்தின் மீது உறுதிமொழி எடுத்து முதலமைச்சரானார். இந்தியை உடனே திணிப்பதும் நின்றது. அங்கே சத்தியம் கேட்டபோது கொழும்பில் எரிந்த கடைகளின் சாம்பல்கூட ஆறியிருக்கவில்லை. உன்னைக் காப்பாற்ற மாட்டேன், ஆனால் நீ என்னிடம் விசுவாசமாக இருக்கிறேன் என்று எழுதிக் கொடு என்றால் யார் கொடுப்பார்கள்?

ஆகவே என் தரப்பு இதுதான். பாட்டு இருக்கட்டும், கொடி இருக்கட்டும். பள்ளியில் பிள்ளைகள் உறுதிமொழி சொல்லட்டும், வாய் திறக்காத பிள்ளையை ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று கேட்காமலும் இருக்கட்டும். 2021 அரசாணையிலிருந்து அந்த 'எழுந்து நிற்க வேண்டும்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் நான் நிற்பேன், பெரும்பாலானவர்கள் நிற்பார்கள். அப்போது மொழிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று முதல் தடவையாக நமக்கே தெரியவரும்.

உறுதிமொழி சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற ஆசை தீராதவர்களுக்கு ஒரு யோசனை. ஆகஸ்ட் 15ஆம் தேதி ஊர் ஊராகக் கிராம சபை கூடுகிறது. அன்றைக்கு ஊராட்சித் தலைவர், அந்தத் தொகுதி எம்.எல்.ஏ., முடிந்தால் மாவட்டப் பொறுப்பு அமைச்சர் எல்லோரும் வந்து, பதவியேற்ற அன்று ராஜ்பவனிலும் சபையிலும் சொன்ன அதே வாசகங்களை மக்கள் முன் நின்று இன்னொரு தடவை சொல்லட்டும். பிறகு தீர்மானமும் வரவு செலவும் வாசிக்கட்டும். வழக்கமாக அதிகாரிகளுக்கு நாற்காலியும் சனங்களுக்கு ஜமுக்காளமும் போடுவார்கள். அந்த ஒரு நாள் அதை மட்டும் மாற்றிப் போட்டுவிடுங்கள்.